பிரியாவுக்கு வந்த ஓ.சி. சீட்டு

போடிநாயக்கனூர்,
ஆடி 21

அன்பு மகன் பிரபுவுக்கு அப்பா எழுதுவது. இங்கே நான், அம்மா, உன் தங்கை பிரியா மூவரும் முருகன் புண்ணியத்தில் சுகம். நொய்டாவில் நீயும் வேளைக்குச் சாப்பிட்டு சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன். போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று சிரிக்காதே. போனில் நான் ஒரு வார்த்தை சொன்னால் நீ குறுக்கே ஒன்பது வார்த்தை பேசுவாய், இதில் அது நடக்காது. தபாலில் நாளாகும் என்று பிரியா இதைப் படம் எடுத்து உன் போனுக்கு அனுப்புவாள், பொறுமையாகப் படி.

மதுரைக் கல்லூரியில் சிவில் இன்சினியரிங் கிடைத்ததைப் பிரியா உனக்குச் சொன்னாள், அதற்குப் பிறகு இங்கே நடந்த கூத்தைச் சொல்லியிருக்க மாட்டாள். ஒதுக்கீட்டு ஆணையில் பிரிவு என்ற இடத்தில் ஓ.சி. என்று இருந்தது. அதைப் பார்த்ததும் அம்மா அடுப்பில் இருந்த பாலை மறந்துவிட்டாள். நாம பி.சி.ன்னுதான சர்டிபிகேட்டு குடுத்தோம், நாளைக்குப் பொய் சொல்லி வந்த பிள்ளைன்னு காலேஜ்ல வெளிய அனுப்பிருவாக, வெரசாப் போயி மாத்திட்டு வாங்க என்று ஒரே அழுகை. எனக்கும் பயம்தான், காட்டிக்கொள்ளவில்லை. எஸ்டேட்டுக்கு ஆள் ஏற்ற வேண்டிய ஜீப்பை மாற்று டிரைவர் மலைச்சாமியிடம் கொடுத்துவிட்டு, சான்றிதழோடு கவுன்சலிங் உதவி மையத்துக்குப் போய், எங்க பிள்ளைய எங்க சாதிக்கே மாத்திவிடுங்க மேடம் என்று கேட்டேன். அந்த மேடம் சிரித்துவிட்டார். ஓ.சி. இடம் எல்லாருக்கும் பொதுவாம். பிரியாவின் மார்க்குக்கு அந்தப் பொது இடமே கிடைத்துவிட்டதாம், அதனால் பி.சி. இடம் ஒன்று இன்னொரு பிள்ளைக்கு மிச்சமாம். வீட்டுக்கு வந்து, முன்பே எல்லாம் தெரிந்தவன் போல அம்மாவை அதட்டினேன். அவள் நம்பவில்லை என்பது வேறு.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். என் ஜீப்பில் ஏலக்காய் எடுக்கப் போகும் சந்திரவல்லியின் மகள் கார்முகிலை உனக்குத் தெரியும், பிரியாவோடு படித்தவள். அவளுக்கும் அதே கல்லூரியில் சிவில்தான், எஸ்.சி. இடம். பிரியா டியூஷன் போன லீவு நாளெல்லாம் மழையில் அம்மாவோடு காய் எடுத்த பிள்ளை, அப்படியும் மார்க்கில் கொஞ்சம்தான் பின்னால். அந்தப் பிள்ளை இப்போது சேர மாட்டேன் என்கிறது. காரணம் நீதான். கோட்டாவில் வந்தவர்களை வேலை இடத்தில் மதிப்பதில்லை, சாதிச் சான்றிதழே வைக்காமல் விண்ணப்பம் போடு என்று நீ பிரியாவிடம் சொன்னதை, இவள் கார்முகிலிடம் போய் உளறியிருக்கிறாள். இன்சினியரா இருக்க அண்ணனே அப்படிச் சொல்றாக, நான் எதுக்குப் போயி நாலு பேருகிட்ட கேலிப்பேச்சு வாங்கணும் என்று கேட்டதாம். எனக்கு உன் மேல் கோபம் வந்தது, மறைக்க மாட்டேன்.

அங்கே கேன்டீனில் நாலு பேர் பேசுவதைக் கேட்டு நீ கூசிப்போயிருக்கிறாய் அப்பு. பேசுகிறவன் பேசட்டும். கோட்டா உனக்கு இடம்தான் கொடுத்தது, பரீட்சை எழுதியது நீதானே. நீ வேலை பார்க்கும் மெட்ரோ பாலத்தில் போகிற சனம், கட்டியவன் எந்தப் பிரிவு என்று கேட்டுவிட்டா ரயில் ஏறுகிறது? உனக்கு பி.சி. இடம் கிடைத்த அன்று அம்மா தெருவுக்கே மிட்டாய் கொடுத்தாள். நீயும் வெட்கப்படாமல் ரெண்டு தின்றாய்.

நான் சொன்னால் கார்முகில் தலையாட்டும், நம்பாது. நீ சொல்லிக் கெட்டதை நீதான் சரிசெய்ய வேண்டும். இன்றைக்கே அந்தப் பிள்ளைக்குப் போன் செய்து, நீயும் பி.சி. இடத்தில் சேர்ந்துதான் படித்தாய் என்று உன் வாயால் சொல். நம்பரைப் பிரியா அனுப்புவாள்.

அம்மா பார்சலில் சுக்குப்பொடி அனுப்புகிறாள், ஏசிக் காற்றில் தொண்டை கட்டினால் போட்டுக் குடி. நீ நோய்நொடி இல்லாமல், நாலு பேருக்கு நல்லது செய்து நீடூழி வாழ வேண்டும். போன் செய்ய மறந்துவிடாதே. வெள்ளிக்கிழமை விடிகாலை மதுரைக்கு ஜீப் கிளம்புகிறது, பிரியாவுக்குப் பக்கத்தில் கார்முகிலுக்கும் இடம் போட்டு வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
உன் அப்பா
திருப்பதி