நோன்பு வீட்டுக்குக் கொண்டுபோன மீன்

கடியப்பட்டணம்
செப்டம்பர் 7

அன்பு மகள் ஷைஜாவுக்கு,

நீயும் மாப்பிள்ளை எபினும் வயிற்றுப் பிள்ளையும் சுகமாயிருக்கத் தேவமாதாவை வேண்டிக்கொண்டு அம்மா ஞானம் எழுதுவது. போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று கேட்பாய். நான் கூப்பிட்டால் நீ எடுப்பதில்லை. எடுத்தாலும் எனக்கு வாய் முந்தும், புத்தி பிந்தும். கடிதம் என்றால் தப்பாக எழுதியதை அடித்துவிடலாம்.

இங்கே எல்லாரும் சுகம். அப்பாவுக்கு முட்டுவலி குறையவில்லை, கடலுக்குப் போகாமலும் இருப்பதில்லை. நாளை மாதாவின் பிறந்தநாள் என்று கோயில் முன்னால் மாதா நிற்கிற கெபியைச் சுற்றி சீரியல் பல்பு கட்டியிருக்கிறார்கள். பாதி எரியவில்லை.

இனி விஷயத்துக்கு வருகிறேன். ஆகஸ்ட் ஒன்பதாம் தேதி உன் வீட்டில் நான் நடந்துகொண்டது தப்பு. ஊர் மீன் தின்ன ஆசையாக இருக்கிறது என்று நீ எப்போதோ சொன்னதை நினைத்து, சொல்லாமல் கொள்ளாமல், ஒரு முழு நெய்மீனை ஐஸ் பெட்டியில் வைத்து கோட்டயத்துக்கு ரயில் ஏறினேன். உன் மாமி பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு, இது மாதாவுக்கான பதினைந்து நாள் நோன்பு, யாரும் மீன் தொடமாட்டோம் என்றார். தவக்காலம் முடிந்து எத்தனை மாதம் ஆயிற்று, ஆகஸ்டில் ஏது நோன்பு, சாக்குச் சொல்கிறார் என்று நினைத்தேன். திங்கள்சந்தையில் மீன் விற்கிறவள் சுமந்து வந்தது பெரிய வீட்டுக்கு ஆகாது போலும் என்று உள்ளே கொதித்தது.

அந்தக் கொதிப்போடுதான் செப அறைக்குள் போனேன். சுவரில் மாதா படம் இருந்தது, நான் தந்த மாதா சிலை, அந்தச் சுரூபம், இல்லை. உன் அலமாரியில் துண்டில் சுற்றி இருந்தது. அப்பா கடலில் நின்ற நாளெல்லாம் நான் மெழுகுதிரி கொளுத்திய சுரூபம் அது. உன் கல்யாணத்துக்குத் தர அதைவிடப் பெரிதாக என்னிடம் ஒன்றும் இருக்கவில்லை. அந்த ஆத்திரத்தில்தான், உன் மாமி காதில் விழும்படியே, "மாதா இல்லாத வீட்டுல எனக்க பேரப்பிள்ள பெறக்காண்டாம்" என்று சொல்லிவிட்டேன். நீ கேட் வரை வந்து, "அப்படின்னா பேறுகாலத்துக்கும் நான் அங்க வரல்லம்மா" என்றாய். ரயில் முழுக்க அதுவே காதில் கேட்டது.

ஊருக்கு வந்ததும் நம் கோயில் சாமியாரிடம் ஆவலாதி வைத்தேன். அவர் சிரித்தார். உன் மாமி வீட்டார் ஆர்த்தடாக்ஸ் சபைக்காரர்கள், அவர்கள் கோயிலில் சுரூபம் வைக்கிற வழக்கம் இல்லை, படம்தான்; ஆனால் தேவதாயை நினைக்காமல் ஒரு செபமும் முடிக்கமாட்டார்கள் என்றார். மாதா தாய் வயிற்றில் உற்பவிக்கும்போதே ஜென்மப் பாவம் இல்லாதவள் என்று நாம் சொல்கிறோம், அவர்கள் அப்படிச் சொல்வதில்லையாம். அவள் மரித்தாளா என்பதை நம் சபை கட்டாயமாகச் சொல்லவில்லை, ஆன்மாவோடும் உடலோடும் மோட்சம் போனாள் என்பதோடு நிறுத்திக்கொள்கிறது. அவர்களோ, அவள் நம்மைப்போல் மரித்து, அடக்கமாகி, பிறகு எடுத்துக்கொள்ளப்பட்டாள் என்கிறார்கள். அதை நினைத்துத்தான் அந்தப் பதினைந்து நாள்.

எது சரி என்று தீர்ப்புச் சொல்ல நான் யார்? ஒன்று மட்டும் புரிந்தது. அடக்கம் முடியாத வீட்டில் நாமும் அடுப்புப் பற்ற வைப்பதில்லை. அப்படிப்பட்ட வீட்டுக்கு மீன் சுமந்துபோய், வாங்கவில்லை என்று சண்டையும் போட்டவள் நான். வெட்கமாக இருக்கிறது மக்கா.

உன் மாமி இந்த மாதம் மாதா பிறந்தநாளுக்கான எட்டு நாள் நோன்பும் பிடிப்பார் என்று எபின் சொன்னார். ஒன்றாம் தேதி முதல் நானும் பிடிக்கிறேன். மீன் விற்கிறேன், தின்பதில்லை. அப்பா, "ஏட்டி, மீன்காரி மீன் தின்னலன்னு சொன்னா சந்தையில ஒனக்க மீன எவ வாங்குவா" என்று கேலி செய்கிறார். ஆனால் நேற்று அவரும் மீன் இல்லாமல், தேங்காய் அரைத்த சம்மந்தியோடுதான் சோறு தின்றார்.

போன ஞாயிற்றுக்கிழமை எபின் பேசியபோதுதான் இன்னொன்றும் சொன்னார். நான் போட்டுவிட்டு வந்த மீனை உன் மாமியே வெட்டிக் கழுவி, கர்ப்பிணிக்கு நோன்பு வேண்டாம் என்று உனக்குக் குழம்பு வைத்துத் தந்தாராம். ஒரு சொட்டுக்கூட நாக்கில் வைத்துப் பார்க்கவில்லையாம். நான் அப்படிப் பேசிய பிறகும். அன்று இரவு எனக்குக் கண்ணீர் நிற்கவே இல்லை.

சுரூபம் அலமாரியிலேயே இருக்கட்டும். அந்தப் படத்தின் முன்னால் நின்று செபமாலை சொல், அவளுக்குக் கேட்கும். பிள்ளையின் ஞானஸ்நானம் அவர்கள் கோயிலிலேயே நடக்கட்டும். நோன்பு உண்டா என்று கேட்டுவிட்டே நான் வருவேன். நவம்பரில் பேறுகாலத்துக்கு மட்டும் இங்கே வா. உன் மாமியையும் கூட்டி வா, அவரிடம் நேரில் மன்னிப்புக் கேட்கவேண்டும்.

மாதா உன்னையும் பிள்ளையையும் தன் முந்தானைக்குள் வைத்துக் காக்கட்டும். ஒன்று கேட்கிறேன். ருசி பார்க்காமல் வைத்த அந்தக் குழம்பில் உப்பு சரியாக இருந்ததா? எழுத மனமில்லையென்றால் போனில் சொல். நான் வாயே திறக்காமல் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

உன் வரவை எதிர்பார்க்கும்
அம்மா
ஞானம்