ஒரே பெஞ்சு

என் பூசணிக்கு,

நாம் பேசி மூன்று வருடமாகிறது. தையல் கூடத்தில் நம் இருவர் பருமனுக்கென்று தனிப் பெஞ்சு போட்டிருந்தார்களே, நினைவிருக்கிறதா? நாம் சிரித்தால் அது குலுங்கும். "யம்மா தாயே, ஊசி உடையப்போகுது!" என்று மேற்பார்வையாளர் கத்துவார். அதற்கும் சேர்த்துச் சிரிப்போம்.

எடை குறைக்க நான் அறுவை சிகிச்சைக்குக் கிளம்பியபோது, "நீ இளைச்சுட்டா என்கூட யாருடி சிரிப்பா?" என்றாய். பொறாமை என்று நினைத்துப் பேச்சை நிறுத்தினேன்.

இளைத்தேன். கண்ணாடி முன்னால் நின்றே பொழுது போனது. அறுவைக்குப் பிறகு தினமும் போடச் சொன்ன சத்து மாத்திரைகளை, வயிற்றைப் புரட்டுகிறதென்று பாதியில் விட்டேன். போன மாதம் காய்ச்சல் விடவே இல்லை. ரத்தத்தில் வெள்ளை அணுக்கள் குறைந்துவிட்டனவாம்.

"உடம்புல செம்புச் சத்தே இல்லம்மா, அதான் வெள்ளை அணு குறைஞ்சிருக்கு. மாத்திரைய ஏன் விட்டீங்க?" என்றார் டாக்டர்.

ஆஸ்பத்திரியில் வைத்து மருந்து ஏற்றுகிறார்கள். நேற்றுதான் அணுக்கள் கொஞ்சம் கூடின. ஆனாலும் கிருமி தொற்றிவிடுமென்று கூட்டம் கூடாது, ஒரே ஒருவர் வந்து பார்க்கலாமாம்.

"யாரு வருவாங்க?" என்று நர்ஸ் கேட்டாள். அக்கா இருக்கிறாள், அண்ணன் இருக்கிறான். உன் பெயரைத்தான் எழுதிக் கொடுத்தேன்.

சளி பிடித்திருந்தால், சரியான பிறகு வா.

உன் பக்கத்து மிஷின்காரி