கடைசிப் பக்கத்துக்குப் போன வாக்கியம்

இன்று காலை உன் நினைவு மலரின் அச்சுப்படி வந்தது. உறையைக் கிழித்ததும் மையும் பசையும் கலந்த அச்சக வாடை குப்பென்று அடித்தது. உனக்குப் பிடித்த வாடை. புதிதாக எது அச்சாகி வந்தாலும் முதலில் மோந்து பார்ப்பாய், பிறகு படிப்பாய், படித்ததும் முகத்தைச் சுளிப்பாய். நீ இல்லாததால் இன்று மூன்றையும் நானே செய்தேன்.

முதல் பக்கத்தில் நீ. சுற்றிலும் தாமரைப்பூ பார்டர். உன் அடையாள அட்டைப் படத்தைப் பெரிதாக்கிப் போட்டிருக்கிறார்கள். யாரையோ திட்டிவிட்டு வந்து உட்கார்ந்த மாதிரி இருக்கிறாய். அடுத்த பக்கத்தில் நம் துறைத்தலைவரின் முன்னுரை. அந்த இங்கிலீஷைத் தமிழில் சொன்னால், 'இன்றைய நவீன உலகில் விவசாயம் நம் நாட்டின் முதுகெலும்பாக விளங்குகிறது' என்று ஆரம்பிக்கிறது. செத்துப்போன ஒருத்தியைப் பற்றிய முன்னுரை இது! இரண்டு பக்கம் முதுகெலும்பைத் தடவிக் கொடுத்துவிட்டு, மூன்றாம் பக்கத்தின் நடுவில்தான் உன் பெயருக்கு வந்து சேர்கிறார். அதுவும் அவருடைய வழிகாட்டுதலில் நீ வளர்ந்தாயாம்.

அதற்கடுத்து, நீயும் நானும் எழுதிய மாமரக் கட்டுரையை மறுபடி அச்சிட்டிருக்கிறார்கள். புத்தலப்பட்டில் ஒரு மனிதரின் மாங்கன்றுகளைக் காயவைத்ததே, அதே கட்டுரை. ஓர் எழுத்துகூட மாற்றவில்லை. அதற்கு நான் அறிமுகம் எழுதித் தர வேண்டுமாம். அவர்களுக்கு எழுதுவதற்கு முன்னால், உன்னிடம் சொல்லாமல் விட்டது ஒன்று இருக்கிறது. அதனால்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

திருப்பதி விவசாயக் காலேஜின் அந்த மாடி அறையில் ஒன்பது வருடம் எதிரெதிர் மேஜையில் உட்கார்ந்திருந்தோம். நான் நகரிப் பக்கத்து நிலக்காரக் குடும்பம். நீ குடுபல்லியிலிருந்து வந்தவள். உன் அப்பா, நீ நைனா என்று கூப்பிடுகிறவர், ஊரார் நிலத்தில் கூலி வேலை செய்து, நீ காலேஜில் சேர்ந்த பிறகுதான் சொந்தமாக ஒன்றரை ஏக்கர் பார்த்தவர். நான் மெல்லப் பேசுவேன். நீ பேசினால் வராந்தாவின் அந்தக் கோடி வரை கேட்கும்.

உன்னைத் தெய்வமாக்க அந்த மலர் போதும், நானும் கூடச் சேர மாட்டேன். மரியாதையாக ஒரு லீவ் லெட்டர் எழுத உனக்கு வராது. உன் கையெழுத்தைப் பார்த்தால் டைப்பிஸ்ட் தலையில் கைவைத்துக்கொள்வார். அடுத்தவர் டிபன் பாக்ஸைக் கேட்காமல் திறப்பாய். ஆனால் ஓர் ஆராய்ச்சிக் கட்டுரையைக் கையில் எடுத்தால் நீ வேறு ஆள். முதல் பக்கத்தைப் பார்க்கவே மாட்டாய். நேரே முடிவுகள் இருக்கும் அட்டவணைக்குப் போவாய். பிறகு, எங்கே, எதை, எப்படிச் செய்தார்கள் என்று பார்ப்பாய். கடைசியாகத்தான் முன்பக்கம் வந்து, கண்டதற்கும் சொன்னதற்கும் சம்பந்தம் உண்டா என்று தேடுவாய். பெரும்பாலும் இருக்காது. "கல்யாணத்துக்குக் கூப்புடுறான், பொண்ணு யாருன்னு கடைசி பக்கத்துல சொல்றான் பாரு" என்று தூக்கிப் போடுவாய்.

சித்தூர் கருத்தரங்கு ஞாபகம் இருக்கிறதா? அந்த வெயிலில் கோட்டும் டையும் போட்டுக்கொண்டு ஒருவர் நாற்பது ஸ்லைடு ஓட்டினார். முதல் பத்தில் இந்திய வரைபடம், அடுத்த பத்தில் ஆந்திர வரைபடம். அவர் என்ன செய்தார் என்பது யாருக்கும் தெரியவில்லை. எல்லோரும் தலையாட்டிக்கொண்டிருந்தார்கள், நானும்தான். நீ எழுந்தாய்.

"சார், நீங்க இன்னா பண்ணீங்க, இன்னா கண்டீங்க? ரெண்டு வரியில சொல்லுங்க சார்."

"எல்லாம் பேப்பர்ல இருக்கும்மா."

"பேப்பரைப் படிச்சிட்டுதான் கேக்குறேன் சார்."

சபை சிரித்தது. அவருக்குச் சால்வை போர்த்தினார்கள். நல்ல கட்டுரைக்கான பரிசும் அவருக்கே போனது. அந்த மாதிரி ஆட்கள் இன்னும் சௌக்கியமாக இருக்கிறார்கள். புரியாதபடி எழுதுவது ஒரு தகுதி என்று அவர்களுக்கு யாரோ சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். புரிந்துவிட்டால் உள்ளே ஒன்றும் இல்லை என்பது வெளியே தெரிந்துபோகும் அல்லவா.

நம் கட்டுரையில் உள்ளே விஷயம் இருந்தது. பங்காருபாளையத்தில் ஒரு பழைய தோப்பில் இரண்டு பருவம் அலைந்து பார்த்தோம். மரம் பூ விடுவதற்கு முன்னால் கொஞ்ச நாள் தண்ணீரை நிறுத்தி வைத்தால், வேர் ஆழமாகப் போன பெரிய மரங்கள் கூடுதலாகப் பூத்தன. தோப்பின் ஓரத்தில் கல் நிலத்தில் நின்ற கன்றுகளோ வாடத் தொடங்கின. நீதான் அதைக் கண்டுபிடித்து அன்றே தண்ணீர் விடச் சொன்னாய். உன் வரைவு மொத்தமே நான்கு பக்கம். முதல் பக்கத்தில் வரும் சுருக்கத்தின் இரண்டாவது வாக்கியம் இப்படி இருந்தது: 'இது காய்ப்புக்கு வந்த பெரிய மரங்களுக்கு மட்டும், இளங்கன்றுகளுக்குத் தண்ணீரை நிறுத்தக் கூடாது.'

நம் துறையின் சம்பிரதாயம் வேறு. முதல் பக்கத்தில் 'ஆனால்' என்று எதுவும் வரக் கூடாது. நல்ல காரியத்துக்குக் கிளம்பும்போது எதிரே விறகுக்கட்டு வருகிற மாதிரி அது என்று தலைவர் சொல்வார். விறகுக்கட்டுகள் எல்லாம் கடைசிப் பக்கத்தில், நன்றி சொல்லும் பத்திக்கு மேலே, பொடி எழுத்தில் போக வேண்டும். நான்கு பக்கமென்றால் மதிப்பில்லை என்று அவர் பதினொன்றாக்கச் சொன்னார். முதுகெலும்பு வந்தது, புராணத்தில் மாங்கனி வந்தது, தலைவரின் பெயர் முதலில் வந்தது. அச்சாகி வந்தபோது உன் இரண்டாவது வாக்கியம் பதினோராம் பக்கத்தில் கிடந்தது.

"எவன்டி இத்தை மாத்துனது?" என்று கேட்டாய். நான் தலைவர் அறைப் பக்கம் தாடையால் காட்டினேன்.

விவசாய ஆபீஸ் ஒன்றில் அதைத் தெலுங்கில் துண்டுப் பிரசுரமாக அடித்தார்கள். சுருக்கத்தை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். பதினொரு பக்கத்தையும் படிக்க அவர்களுக்கு என்ன தலையெழுத்தா? அந்த வருடம் மழையும் ஏமாற்றியது. புத்தலப்பட்டிலிருந்து தகவல் வந்து நாம் பஸ் பிடித்துப் போனோம். இரண்டு ஏக்கர் சரளை நிலம், இரண்டு வயதுக் கன்றுகள். நீ ஒரு கிளையை மெல்ல வளைத்தாய். வளையவில்லை, ஒடிந்தது. அந்த மனிதர் பிரசுரத்தை ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டு பத்திரமாக வைத்திருந்தார். அவர் கத்தியிருந்தால் தேவலை.

"போர்ல தண்ணி இருந்துச்சிம்மா. நீங்க சொன்னீங்கன்னு நிறுத்திக்கினேன்."

"தப்பு எங்களுதுண்ணா," என்றாய். "ஆபீஸ் தப்பு இல்ல. எழுதினது நாங்க."

"படிச்சவங்க தப்பா எழுதுவீங்களாம்மா?"

"தப்பா எழுதல. எழுத வேண்டிய எடத்துல எழுதல."

"அப்டின்னா இன்னாம்மா?"

நீ ஒடிந்த கிளையைக் கீழே வைத்துவிட்டு அடுத்த கன்றுக்குப் போனாய்.

திரும்பி வந்த மறுநாள் தலைவர் அறைக்குப் போய் நீ கத்தியது கீழ்மாடி வரை கேட்டது. தனக்கு ஒன்றும் தெரியாது, அந்த வாக்கியத்தைத் தொடவே இல்லை என்று அவர் சத்தியம் செய்தார். நீ நம்பவில்லை. ஒரு விவசாயியைக் கெடுத்த பொய்யன் என்று முகத்துக்கு நேரே சொன்னாய். அதற்குப் பிறகு உன் பதவி உயர்வுக் கோப்பு அவர் மேஜையை விட்டு நகரவே இல்லை. நீ ஞாயிற்றுக்கிழமைதோறும் ஒட்டுக் கன்றுகளைத் தூக்கிக்கொண்டு புத்தலப்பட்டுக்குப் போனாய். நானும் சிலமுறை கூட வந்து, நிழலில் நின்றேன்.

தலைவர் சொன்னது உண்மை. அந்த மனிதர் தன் வாழ்க்கையில் சொன்ன ஒரே உண்மையாகக்கூட அது இருக்கலாம். வாக்கியத்தை மாற்றியது நான்.

யாரும் என்னிடம் சொல்லவில்லை. உன் நைனாவுக்கு உடம்பு சரியில்லை என்று நீ நான்கு நாள் குடுபல்லிக்குப் போயிருந்தாய். எனக்குப் பதவி உயர்வுக்கான நேர்முகத் தேர்வு நெருங்கிக்கொண்டிருந்தது. முதல் பக்கத்தில் அந்த வாக்கியம் இருந்தால் ஆராய்ச்சி இதழிலிருந்து திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்று பயந்தேன். இரண்டாவது வாக்கியத்தை வெட்டிப் பதினோராம் பக்கத்தில் ஒட்டி, அனுப்பிவிட்டு, கேன்டீனுக்குப் போய் டீ குடித்தேன். அந்தக் கட்டுரையைக் காட்டித்தான் எனக்குப் பதவி உயர்வு கிடைத்தது. கடைசியாக நீ ஆஸ்பத்திரியில் கிடந்த மூன்று வாரமும் உனக்கு இட்லி பிட்டுக் கொடுத்தபடி, உன்னோடு சேர்ந்து தலைவரைத் திட்டினேன். "அந்தாளை மட்டும் மன்னிக்க மாட்டேன்டி" என்றாய். "மன்னிக்காதே" என்றேன். இப்படிச் செய்தாள் என்று வேறு யாரைப் பற்றியாவது கேள்விப்பட்டிருந்தால் காறித் துப்பியிருப்பேன்.

பார், இந்த மடலிலும் அதையேதான் செய்திருக்கிறேன். முதல் வரியில் சொல்ல வேண்டியதைச் சுற்றி வளைத்து, உன் டிபன் பாக்ஸையும் சித்தூர் வெயிலையும் முன்னால் அடுக்கிவிட்டு, பின்னால் கொண்டுவந்து வைத்திருக்கிறேன். அந்தக் கோட்டு போட்ட ஆளுக்கும் எனக்கும் ஒரே ஒரு வித்தியாசம்தான். அவர் உள்ளே ஒன்றும் இல்லாததை மறைத்தார். நான் இருந்ததை மறைத்தேன்.

இதுவரை எழுதி நிறுத்திவிட்டு, மதியம் அந்த அறிமுகத்தை எழுதி அனுப்பினேன். முதல் வாக்கியம்: 'இந்தக் கட்டுரையின் முதல் பக்கத்தில் இருக்க வேண்டிய எச்சரிக்கையைக் கடைசிப் பக்கத்துக்கு மாற்றியது நான், அதனால் ஒருவரின் தோட்டம் காய்ந்தது, என் தோழி குற்றமில்லாதவரோடு சண்டையிட்டுத் தன் பதவி உயர்வை இழந்தாள்.' சாயங்காலம் மலரைத் தொகுக்கும் லெக்சரர் போன் செய்தார்.

"மேடம், ரொம்ப டச்சிங்கா இருக்குது. ஆனா ஓப்பனிங்லயே வேணாமே. கடைசி பக்கத்துல, தேங்க்ஸுக்கு மேல சின்னதா போட்டுக்கலாமா?"

உனக்குப் பொய் சொல்ல மாட்டேன். 'சரி' என்று சொல்ல என் நாக்கு தானாக எழுந்தது. அதைக் கடித்துக்கொண்டுதான், "முதல் வரியில போடுங்க, இல்லன்னா கட்டுரையையே எடுத்துடுங்க" என்றேன்.

நாளைக் காலை தலைவர் அறைக்குப் போய் நேரிலும் சொல்லப் போகிறேன். அவரை எனக்கு இன்னும் மதிக்கத் தோன்றவில்லை; அந்த விஷயத்தில் நான் கடைசிவரை உன் கட்சி. ஆனால் அவர்மேல் நான் ஏற்றிய பழியை அவரிடமே போய் இறக்கி வைக்க முடியும். நீ என்மேல் வைத்திருந்த நம்பிக்கையை அப்படி இறக்கி வைக்க எனக்கு இடமில்லை. அதைக் கடைசிவரை வைத்திருந்துவிட்டு நீ போய்விட்டாய், அது என்னிடமே இருக்கிறது.