நீங்கள் முதல் தடவை சொன்னது

அக்கா,

மைக்கின் மேல் மாட்டும் கறுப்புப் பஞ்சு உறையை இன்று பெட்டியிலிருந்து எடுத்தேன். ஐந்து மாதம் மூடிக் கிடந்தும் அதில் இன்னும் மிளகு வாசனை. உங்கள் வீட்டுப் பின்னறையில், மிளகு மூட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்துதானே பாடங்களைப் பதிவு செய்தோம். எதிரொலி இல்லாத அறை அது ஒன்றுதான். நீங்கள் தும்மியே பாதி நேரம் போய்விடும்.

மைக்கைத் தேடி எடுத்ததற்குக் காரணம் இருக்கிறது. மலையில் கடை வைத்திருக்கும் பெண்களுக்காக நம்மிடம் ஆங்கிலப் பாடங்கள் கேட்ட அலுவலகத்திலிருந்து நேற்று ஒருவர் பேசினார்.

"மேடம், இங்கிலீஷ்ல பேருக்கு முன்னால வர்ற அந்த 'ஏ', 'தி' ரெண்டும் எல்லா எடத்துலயும் ரொம்ப அழுத்தமா விழுது. யாரும் அப்படிப் பேசறதில்லீங்க. பத்துப் பாடத்தையும் புதுசா எடுத்துடலாம். கோயம்புத்தூர்ல ஒரு பொண்ணு இருக்கு, நல்லாப் பேசும். பழைய குரலை எடுத்துடுங்க."

பழைய குரல் என்று அவர் சொன்னது உங்களை. வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும். அவர் கண்டுபிடித்த தவறு உண்மையான தவறு. ஆனால் அது யாருடையது என்று எனக்கு மட்டும்தான் தெரியும்.

முள்ளுக்குறிச்சியில் பஸ் மாறி இந்த மலைக்கு வேலைக்கு வந்தபோது என்னிடம் இருந்த ஆங்கிலம் முழுக்கக் கண் வழியாக வந்தது. எத்தனையோ நாவல்கள் படித்திருந்தேன். அந்த மொழியில் யாரிடமும் ஒரு டம்ளர் தண்ணீர் கேட்டதில்லை. சொற்கள் எனக்கு அச்சில் இருப்பதைப் போலவே, இரண்டு பக்கமும் இடம் விட்டுத் தனித்தனியாக நிற்பவை. நானும் அப்போது ஏறக்குறைய அப்படித்தான் இருந்தேன். பள்ளிக்கூடம், அறை, புத்தகம். ஒரு நாள் அருவிக்குப் போகும் ரோட்டில் உங்கள் அன்னாசிக் கடையில் நின்றேன். எழுத்துக்கூட்டத் தெரியாத நீங்கள் பெங்களூரிலிருந்து வந்த ஒரு குடும்பத்தோடு ஆங்கிலத்தில் பேசிச் சிரித்துக்கொண்டிருந்தீர்கள். எனக்குப் பொறாமையாக இருந்தது.

பாடத்தில் மாணவியாகப் பேச ஒரு குரல் வேண்டும் என்று நான் கேட்டபோது என்ன சொன்னீர்கள், நினைவிருக்கிறதா? "அப்பச் செரி. தப்புத்தப்பாப் பேசறதுக்கு ஆள் தேடறீங்க."

முதல் பாடமே அன்னாசி வாங்குவது. நான் 'ஏ' என்று நிறுத்தி, மூச்சு விட்டு, 'பைனாப்பிள்' என்றேன். நீங்கள் திருப்பிச் சொன்னபோது அந்த 'ஏ' பாதி கரைந்து 'அ' என்று பழத்தோடு ஒட்டிக்கொண்டு வந்தது. நான் பதிவை நிறுத்தினேன்.

"அக்கா, 'ஏ' சரியாவே கேக்கல."

"ஏனுங்க டீச்சர், அந்தத் துளியூண்டு வார்த்தைக்கு என்னத்துக்குங்க இத்தன மரியாத? மாப்பிள்ளத் தோழன் மாட்டம் அது பாட்டுக்குக் கூடப் போவட்டும். சனம் பாக்கறது மாப்பிள்ளையத்தான?"

"புத்தகத்துல தனியாத்தான் இருக்குதுங்க்கா."

"புத்தகத்துக்கு வாய் இருக்குதுங்களா?"

நான் விடவில்லை. பதினொரு தடவை திருத்தினேன். பன்னிரண்டாவது தடவை உங்கள் குரல், இன்ஸ்பெக்டர் முன்னால் எழுந்து நிற்கும் குழந்தையின் குரலாகிவிட்டது. நான் "அருமை" என்றேன். நீங்கள் மூட்டைமேல் சாய்ந்து சிரித்தீர்கள். "இப்படிப் பேசினா ஒரு துண்டு விக்காது கண்ணு."

இப்படியே பத்துப் பாடம் பதிவு செய்து அனுப்பினோம். அதன் பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை கடையில் உங்கள் பக்கத்தில் வெறுமனே உட்கார்ந்திருந்தபோதுதான் என் காது திறந்தது. வந்தவர்கள் ஒருவர்கூட என்னைப் போலப் பேசவில்லை. எல்லோரும் உங்களைப் போலவே பேசினார்கள். எல்லாவற்றையும் மறுபடி எடுக்கலாம் அக்கா என்றேன். "காப்பிப் பழம் பறிச்சுப்போட்டு வாரேன், அப்பறம் எடுக்கலாம்" என்றீர்கள். பறித்து முடிக்கும் முன்பே வயிற்றுவலி வந்துவிட்டது. சேலத்து ஆஸ்பத்திரியில் ஏழு வாரம் படுத்திருந்தீர்கள். கடைசியாகப் பார்க்க வந்தபோது என் கையைப் பிடித்துக்கொண்டு நீங்கள் கேட்டது அதைத்தான்.

"திருத்திப் போட்டீங்களா டீச்சர்? எம்பட பேச்சக் கேட்டுத்தான நம்ம ஊர்ச் சனம் பேசும். அவங்கள நாலு பேரு சிரிக்கற மாட்டம் பண்ணிப்போடாதீங்க."

ஆமாம் என்று பொய் சொன்னேன்.

ஆக, இப்போது உங்கள் சொல்லைக் காப்பாற்றினால் உங்கள் குரலை அழிக்க வேண்டும். குரலை வைத்துக்கொண்டால், நீங்கள் வேண்டாம் என்றதையே உங்கள் வாயால் ஊருக்குக் கற்பிக்க வேண்டும். இன்று காலை வழியில் உங்கள் வீட்டுக்காரர் வண்டியை நிறுத்தினார். "அவ கொரலு உங்ககிட்ட இருக்குதுங்களா?" என்றார். இருக்கிறது என்றேன். "இப்ப வேண்டாமுங்க" என்று அவரே சொல்லிவிட்டுப் போனார்.

அறைக்கு வந்து கணினியைத் திறந்தேன். 'வீண்' என்று பெயரிட்டு ஒதுக்கிய கோப்புகள் ஓர் ஓரத்தில் இருந்தன. நான் திருத்துவதற்கு முன்பு, ஒவ்வொரு வாக்கியத்தையும் நீங்கள் முதல் தடவை சொன்னவை. நான்காவது பாடத்துக்கும் ஏழாவதுக்கும் இல்லை. இடம் போதாமல் அழித்துவிட்டேன், அது என் மடத்தனம். மற்ற எட்டும் இருக்கின்றன. கேட்டேன். கடையில் நிற்கிற அதே நீங்கள். எந்தச் சின்னச் சொல்லும் காலில் இடறவில்லை. ஒவ்வொன்றின் கடைசியிலும் குறுக்கே என் குரல்: "இல்லக்கா, மறுபடி."

அலுவலகத்துக்குப் போன் செய்தேன். அந்த இரண்டு பாடங்களையும் கோயம்புத்தூர்ப் பெண் பேசட்டும், எட்டில் அக்காவின் குரல்தான், அதுவும் அவர்தான் முதலில் பேசுவார், மாணவியாக நான் திருப்பிச் சொல்கிறேன் என்றேன்.

"முதல்ல டீச்சர்தானுங்க பேசணும்?"

"அவங்கதாங்க டீச்சர்."

"ஒரு பாடம் அனுப்புங்க. கேட்டுட்டுச் சொல்றேன்" என்றார். ஒத்துக்கொள்வாரா, தெரியவில்லை.

கதவையும் ஜன்னலையும் சாத்திவிட்டு முதல் பாடத்தை எடுத்தேன். நீங்கள் பழம் கேட்கிறீர்கள். நான்கு நொடி இடைவெளி. அதில் நான் சொல்ல வேண்டும். ஐந்து தடவை பழைய அழுத்தமே வந்தது. ஆறாவது தடவை என் 'ஏ'யும் கரைந்து, பழத்தோடு சேர்ந்து போனது. சொல்லி முடித்ததும், சரியா என்று கேட்கப் பக்கத்தில் திரும்பிவிட்டேன். பதிவை நிறுத்தவே தோன்றவில்லை. பாடத்தின் கடைசியில் இந்த அறையின் வெறும் சத்தம் நெடுநேரம் பதிவாகியிருக்கிறது. அதை வெட்டிவிட்டுத்தான் நாளை அனுப்ப வேண்டும்.