மூக்கின் மேல் இருந்த கண்ணாடி

அன்பு மகளுக்கு,

அப்பா நலம். நீயும் மாப்பிள்ளையும் அங்கே சௌக்கியமாக இருக்க வேண்டும். கையெழுத்து புதிதாக இருக்கிறதே என்று திகைக்காதே. நான் சொல்லச் சொல்ல, மாடியில் குடியிருக்கும் தையல்காரம்மா எழுதுகிறார். காரணம் பின்னால் வரும்.

நேற்று அந்தக் குழாய்ச் சாமான் கிடங்குக்கு நேர்காணலுக்குப் போய் வந்தேன். நீ போனில் சொன்னபடியே சவரம் செய்து, இஸ்திரிச் சட்டை போட்டு, பத்து நிமிடம் முன்னதாகவே போய் உட்கார்ந்தேன். "கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லுங்கப்பா, உங்க புராணத்தை ஆரம்பிச்சிடாதீங்க" என்றாயே, வாயைக் கட்டிக்கொண்டேன். நீ அனுப்பிய படிக்கிற கண்ணாடியையும் மாட்டிக்கொண்டேன். தையல்காரம்மா பார்த்துவிட்டு, "அண்ணே, அப்படியே ஹெட்மாஸ்டர்!" என்றார். இதை எழுத மாட்டேன் என்கிறார். எழுதும்மா என்றேன்.

உள்ளே உன் வயதில் ஒரு மேலாளர் அம்மா, பக்கத்தில் கணக்கர். பழைய கிடங்கில் இருந்த இருபத்தாறு வருடத்தைப் பற்றிக் கேட்டார்கள். அளந்து பேசினேன். அவர்களுக்கும் திருப்திதான். பிறகு அந்த அம்மா ஒரு தாளை நீட்டி, "படிச்சுட்டு கையெழுத்துப் போடுங்கய்யா" என்றார்.

பழக்கதோஷம், வாயில் வந்துவிட்டது. "கண்ணாடியை வீட்லயே வச்சுட்டு வந்துட்டேன்மா."

கணக்கர் குனிந்து என் முகத்தைப் பார்த்துச் சிரித்தார். "அப்போ மூக்கு மேல உட்கார்ந்திருக்கிறது என்னங்கய்யா?"

கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு, எனக்குப் படிக்கத் தெரியாது என்று சொன்னேன். அவர்களிடம் சொன்னதை உன்னிடமும் சொல்லிவிடுகிறேன். கண்ணாடியை வீட்டில் வைத்துவிட்டேன் என்பது வங்கியில், ஆஸ்பத்திரியில், எங்கும் நான் சொன்ன சாக்கு. ஏழாம் வகுப்பில் நீ பச்சை நிற மார்க் அட்டையை நீட்டியபோதும் அதையேதான் சொன்னேன். நீயே வாசித்தாய். அறிவியலைத் தாவிவிட்டாய். அன்று சாயங்காலம் உன் அம்மா வாசித்தபோதுதான் எனக்குத் தெரிந்தது.

உன் கடிதங்களை வாசித்ததும் பதில் எழுதியதும் அவள்தான். அவள் போன பிறகு வந்த நான்கும் பிரிக்காமலே கிடந்தன. பதில் இல்லையே என்று நீ அழுதபோது கண்ணைக் குறை சொன்னேன். நீ கண்ணாடி அனுப்பினாய். நல்ல கண்ணாடி. எழுத்தெல்லாம் பெரிது பெரிதாகத் தெரிகிறது. அவ்வளவுதான்.

வேலை விஷயம். எழுந்து வரப் பார்த்தேன், மனசு கேட்கவில்லை. "உங்க சரக்குப் பட்டியலை ஒரு தடவை வாசிங்கம்மா" என்றேன். முப்பத்திரண்டு சாமான், எது எந்த அடுக்கில் என்று வாசித்தார். அப்படியே திருப்பிச் சொன்னேன். "முக்கால் அங்குல எல்போவை ரெண்டு தடவை எழுதியிருக்கீங்க" என்றும் சொன்னேன். கணக்கர் தாளை வாங்கிப் பார்த்தார், பிறகு சிரிக்கவில்லை. திங்கட்கிழமை முதல் ஒரு மாதம் வந்து பார்க்கச் சொன்னார்கள். தின்னர், அமிலம் வைத்திருக்கும் அறைக்கு மட்டும் தனியாகப் போகக் கூடாதாம், டப்பாமேல் எச்சரிக்கை எழுதியிருக்குமாம். நியாயம்தான்.

நான்கு கடிதங்களையும் தையல்காரம்மா நேற்று வாசித்துக் காட்டினார். மூன்றாவதில் நீ கேட்டதற்குப் பதில்: ஆமாம், எனக்கும் வீடு வெறிச்சென்றுதான் இருக்கிறது.

என்மேல் கோபம் இருந்தால் போனில் கொட்டிவிடாதே, எழுதியனுப்பு. இரண்டாம் முறை வாசிக்கச் சொல்லிக் கேட்பேன்.

நன்றாக இரும்மா. கீழே இருக்கும் கையெழுத்து மட்டும் என்னுடையது.

அப்பா