நூலில் கட்டிய தசை

மார்ச் 3

அன்புள்ள அக்காவுக்கு,

போனில் பேசினால் மூச்சு வாங்குகிறது, அதனால் கடிதம். வளைந்துகொண்டே போகும் முதுகெலும்பில் கம்பி வைக்கும் ஆபரேஷனைத் தள்ளி வைத்துவிட்டேன். டாக்டர் தாம்தூம் என்று குதிக்கிறார். "இன்னும் மூச்சு குறைஞ்சா மயக்க மருந்தே குடுக்க முடியாது, பாத்துக்கோங்க!"

பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். உன் ஆய்வகத்தில், எனக்கிருக்கும் அதே தசை நலிவு நோயுள்ள எலிகளுக்குப் புது மருந்தால் தசையில் பலம் கூடியிருக்கிறது என்று எழுதியது நீதானே? முதுகில் கம்பி வைத்தவர்களை அந்த மருந்துச் சோதனைக்கு எடுக்க மாட்டார்களாம். நான் காத்திருக்கிறேன். அது சரி, பலத்தை எப்படி அளக்கிறாய்? எலியைப் பளு தூக்க வைக்கிறாயா?

உன் தொல்லை,
தம்பி

மார்ச் 9

அன்புத் தொல்லைக்கு,

யாரைக் கேட்டுத் தள்ளி வைத்தாய்?

எலியின் காலிலிருந்து எடுத்த தசையை உப்புநீரில் வைத்து, ஒரு முனையைக் கொக்கியிலும் மறுமுனையைப் பட்டு நூலால் கருவியிலும் கட்டுவேன். மின்சாரம் கொடுத்தால் தசை சுண்டி இழுக்கும். நூலைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்துத் தசையை நீட்டி, எந்த நீளத்தில் அதிகம் இழுக்கிறதோ அங்கே அளக்க வேண்டும். அந்த இடத்தைத் தேடப் பொறுமை வேண்டும். மருந்து தின்ற எலி எது என்று அளப்பவருக்குத் தெரியக் கூடாது.

இப்போது வேறொருவர் மறுபடி அளக்கிறார். முடிவு வரும்வரை டாக்டர் பேச்சைக் கேள்.

அக்கா

மார்ச் 15

அக்கா,

மறுபடி எதற்கு? உன் கை தப்பாது. நேற்றிலிருந்து சட்டைப் பித்தானைக்கூட என்னால் போட முடியவில்லை. ஆனாலும் தள்ளி வைத்தது வைத்ததுதான்.

தம்பி

மார்ச் 24

தம்பி,

சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். மருந்து வேலை செய்யவில்லை. அவர் அளந்ததில் மருந்து தின்ற எலிக்கும் தின்னாத எலிக்கும் ஒரே பலம்தான்.

அந்த மருந்து உள்ளே போனால் வாலில் லேசாக மஞ்சள் ஏறுகிறது. அதைக் கண்டும் காணாததுபோல் இருந்தேன். மஞ்சள் வால் எலியின் தசை என்றால் சரியான நீளம் கிடைக்கும்வரை நூலை விடாமல் இழுத்துப் பார்த்திருக்கிறேன். மற்றதற்கு, "இது போதும்" என்று பாதியிலேயே நிறுத்தியிருக்கிறேன். வேண்டுமென்று செய்யவில்லை. உன்னை நினைத்துக்கொண்டே அளந்தேன், அவ்வளவுதான்.

ஆய்வகத் தலைவரிடம் சொல்லிவிட்டேன். "தம்பி விஷயத்தை முன்னாடியே சொல்லியிருக்கலாமேம்மா," என்றார். என் அளவுகள் எல்லாம் குப்பைக்குப் போய்விட்டன.

என்னை எவ்வளவு வேண்டுமானாலும் திட்டு. ஆபரேஷனுக்கு மட்டும் போய்விடு. உன் காலில் விழுந்து கேட்கிறேன்.

அக்கா

ஏப்ரல் 6

அக்காவுக்கு,

உன் கடிதத்தைக் கிழித்துப் போடத்தான் நினைத்தேன். விரலில் பலமில்லை, தப்பித்தது. கோபம் இன்னும் போகவில்லை.

சின்ன வயதில் சாப்பாட்டு மேசையில் கை மடக்கும் பந்தயம் வைப்போமே, ஞாபகம் இருக்கிறதா? "ஐயோ, தோத்துட்டேன்டா!" என்று கத்துவாய். நீ விட்டுக்கொடுக்கிறாய் என்று எனக்கு அப்போதே தெரியும். தெரிந்தும் தெருவெல்லாம் பீற்றிக்கொண்டேன். இந்தத் தடவையும் அதைத்தான் செய்தேன். வேறொருவர் மறுபடி அளக்கிறார் என்று நீ எழுதியதுமே எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது, காட்டிக்கொள்ளவில்லை.

டாக்டர் குழாயில் ஊதச் சொல்லி மூச்சை அளந்து பார்த்தார். மயக்க மருந்தே கொடுக்க முடியாத நிலையிலிருந்து நூலிழையில் தப்பித்திருக்கிறேனாம். வியாழக்கிழமை ஆபரேஷன்.

நீ வந்துவிடு. நான் கண் விழித்ததும் கை மடக்குவோம். விட்டுக்கொடுத்தாயானால் அப்புறம் உன்னோடு பேசவே மாட்டேன்.

தம்பி