வீட்டில் கேட்க வேண்டிய பல்

மார்ச் 11, செவ்வாய்

ஞானப்பல் சாய்ந்து முளைத்திருக்கிறதாம். பல் டாக்டர் எக்ஸ்ரேயைக் காட்டினார். "எடுத்திருவோம்ணே. தள்ளிப்போட்டா பக்கத்துப் பல்லும் போயிரும்."

"வீட்டுல கேட்டுட்டுச் சொல்றேன்" என்று சொல்லிவிட்டேன். கல்யாணமான நாளிலிருந்து எதற்கும் இதே பதில்தான். கப்பலூர் கம்பெனியில் ஷிப்ட் மாற்றச் சொன்னாலும் இதைத்தான் சொல்வேன். டாக்டரும், "சரி, கேட்டுட்டு வாங்க" என்றார். செல்வி இறந்து நான்கு மாதமாகிறது என்று அவரிடம் சொல்ல வாய் வரவில்லை.

ஆனையூர் வந்து வீட்டுப் பூட்டைத் திறந்தேன். போன வருடம் இதே பல் வலித்தபோது, "இம்புட்டூண்டு வலிக்கா பல்லை எடுப்பாக? கிராம்பு வைங்க" என்றாள். அவள் வாங்கிய கிராம்பு டப்பாவில் இன்னும் கொஞ்சம் கிடக்கிறது. ஒன்றைக் கடித்துக்கொண்டு, எடுக்கவா வேண்டாமா என்று அடுப்படியில் நின்று சத்தமாகவே கேட்டேன்.

கேட்டுவிட்டு வருவதாகச் சொல்லியிருக்கிறேனே.